அடிவரியில் நின்ற பெயர்: புக்கிட் மெர்தாஜாம் தமிழ் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்துக் கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகத்தினர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், முன்னாள் மாணவர்கள், பழைய அச்சகக் குடும்பங்களின் வழிவந்தோர்.

அன்புடையீர்,



புக்கிட் மெர்தாஜாம் போன்ற சிறுநகரங்களில் தமிழ் அச்சகம் நடத்தி, அதன் வருவாயில் குடும்பத்தைக் காத்து, தம் சமயத்துக்கும் ஊர்ப் பொதுப்பணிக்கும் வாழ்நாளைக் கொடுத்துச் சென்றவர்களை நினைவுகூர்வதும், அவர்கள் அச்சிட்ட தாள்கள் அழியுமுன் அவற்றைத் திரட்டி வைக்குமாறு ஊராரை வேண்டுவதும் இம்மடலின் நோக்கங்களாகும். அச்சகர் என்ற சொல் இங்கே பெரிய பதிப்பகத்தாரையோ நாளிதழ் உரிமையாளரையோ குறிக்கவில்லை. கடைத்தெருவில் ஓர் அறையில் ஓரிரு எந்திரங்களை வைத்துக்கொண்டு திருமண அழைப்பிதழ், திருவிழா அறிக்கை, ரசீதுப் புத்தகம், பள்ளித் தேர்வுத்தாள் முதலியவற்றை அடித்துக் கொடுத்தவரையே குறிக்கிறது. தொழில் வழக்கில் 'ஜாப் ஒர்க்' எனப்படும் இச்சில்லறை வேலைகளின் அடியில், இருப்பதிலேயே சிறிய எழுத்தில், அச்சகத்தின் பெயரும் ஊரும் ஒரு வரியாக நிற்கும். மணமக்களின் பெயர், கோயில் தலைவரின் பெயர், தலைமையாசிரியரின் பெயர் ஆகிய அனைத்தும் மேலே பெரிய எழுத்தில் இருக்க, அவற்றைக் கோத்தவரின் பெயர் அந்த அடிவரியோடு நின்றுவிட்டது. சங்கத் தலைவர்களுக்கும் கோயில் அறங்காவலர்களுக்கும் படங்களும் மலர்களும் உண்டு. அச்சகருக்கு அந்த ஒரு வரியே உண்டு. ஆயினும், இந்த ஊர்த் தமிழரின் இருபதாம் நூற்றாண்டு வாழ்க்கையை நாள் வாரியாக, பெயர் வாரியாகப் பதிந்து வைத்தவர் அவரே என்பது இம்மடலின் துணிபு.

எழுத்துக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1845 ஆம் ஆண்டு கர்னல் ஜேம்ஸ் லோ கண்டறிந்து உலகுக்கு அறிவித்த செரோக் தோக்குன் கல்வெட்டு, இன்றும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் பாறையின்மேல் உள்ளது. தென்னிந்தியப் பல்லவர் எழுத்தோடு உறவுடைய எழுத்தில், வடமொழியில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, கடல் கடந்து வந்தோர் தம் எழுத்தையும் உடன் கொண்டுவந்தனர் என்பதற்கு இவ்வூரின் முதற்சான்றாகும். அதற்கு நெடுங்காலம் பின்னர், 1800 இல் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்று வெல்லஸ்லி மாநிலம் எனப் பெயரிட்ட இந்நிலப்பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களும் எழுந்தன. முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், 1910 இல் அம்முறை ஒழிக்கப்பட்ட பின்னர்ப் பெரும்பாலும் கங்காணி முறையிலும், அதாவது தோட்டத்து மேலாள் ஒருவர் தம் சொந்த ஊருக்குச் சென்று ஆள்சேர்த்து வரும் முறையிலும், தமிழர் வந்து சேர்ந்தனர். வடக்கே பாடாங் பெசாருக்கும் மேற்கே பட்டர்வொர்த்துக்கும் ரயில்பாதைகள் பிரியும் சந்திப்பாக இவ்வூர் அமைந்தமையால், தோட்டத்து மக்களோடு ரயில்வே ஊழியரும் கடைக்காரரும் எழுத்தரும் இங்குக் குடியேறினர். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பிறந்தோர் திருமணம் செய்தனர். மாரியம்மனுக்குத் திருவிழா எடுத்தனர். பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினர். தொழிற்சங்கமும் நாடக மன்றமும் கண்டனர். இவை ஒவ்வொன்றுக்கும் அச்சிட்ட தாள் வேண்டியிருந்தது. ரயிலேறியும் படகேறியும் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்குச் சென்று அடித்து வருவதைவிட, ஊரிலேயே தமிழ் எழுத்து வைத்திருந்த அச்சகரிடம் சென்று சேர்வது எளிதாயிற்று.

இவ்வூர் சார்ந்த பினாங்கின் அச்சு வரலாறு 1806 இல் ஏ. பி. போன் தொடங்கிய ஆங்கில அரசிதழோடு தொடங்குகிறது. மலாயா தீபகற்பத்தையும் சிங்கப்பூரையும் சேர்த்துக் காணின், 1872 இல் சிங்கப்பூரில் அச்சான நாகூர் முகம்மது அப்துல் காதிர் புலவரின் 'முனாஜாத்துத் திரட்டு' இன்றுவரை அறியப்பட்ட முற்பட்ட தமிழ் நூல்களுள் ஒன்றாகும்; அதனைத் தொடர்ந்து சிங்கப்பூரில் சி. கு. மகுதூம் சாயபு தம் அச்சகத்திலிருந்து 'சிங்கை நேசன்' இதழை 1887 முதல் வெளியிட்டார். நாகூரில் பிறந்து, 1901 இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கத்திலும் புலவராக மதிக்கப்பெற்ற குலாம் காதிறு நாவலர், பினாங்கில் வாழ்ந்த காலத்தில் 'வித்தியா விசாரிணி' என்ற இதழை நடத்தினார். இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, இங்குத் தமிழ் அச்சின் தொடக்கமே சமய உணர்வோடும் சமுதாயப் பணியோடும் பிணைந்திருந்தது. அச்சகம் நடத்துவது தொழிலாகவும் தொண்டாகவும் ஒருசேரக் கருதப்பட்டது. இரண்டாவது, நூலும் இதழும் வெளியிட்டவர்களின் பெயர்கள் ஆய்வாளர் கவனத்தைப் பெற்றிருக்க, சில்லறை வேலை செய்த சிறுநகர அச்சகர்கள் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 1969 இல் இராம. சுப்பையா தொகுத்து மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்ட 'தமிழ் மலேசியானா' என்னும் அடைவு, மலேசிய சிங்கப்பூர்த் தமிழ் நூல்களையும் இதழ்களையும் முறைப்படுத்திய அரும்பணியாகும்; ஆயினும் அழைப்பிதழையும் துண்டறிக்கையையும் அடைவுபடுத்துவது அத்தகைய நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அச்சகரின் உழைப்பின் அளவை உணர, ஈய எழுத்துக் காலத்தில் ஒரு கோயில் அழைப்பிதழ் உருவான விதத்தை அருகிலிருந்து காண்பது தகும். ஈயம், ஆன்ட்டிமனி, வெள்ளீயம் ஆகியவை கலந்த உலோகத்தில் வார்க்கப்பட்ட எழுத்துகள், 'கேஸ்' எனப்படும் மரத்தட்டின் சிறுசிறு அறைகளில் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்துகளும் அவற்றின் பெரிய வடிவங்களும் போதும். தமிழுக்கோ கி, கீ, கு, கூ போன்ற உயிர்மெய்கள் ஒவ்வொன்றும் தனி அச்சாக வேண்டுமாதலால், நூற்றுக்கும் மிகுதியான அறைகள் தேவைப்படும். அச்சுக்கோப்பாளர், அதாவது கம்போசிட்டர், இடக்கையில் 'ஸ்டிக்' என்னும் சிறு உலோகத் தாங்கியை ஏந்தி, வலக்கையால் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து, தலைகீழாகவும் கண்ணாடிப் பிம்பமாகவும் தெரியும் வரியை இடமிருந்து வலமாக அடுக்குவார். உபயக்காரர் பட்டியலில் முனியம்மா, முத்தம்மா, முருகையா, முனுசாமி என்று பெயர்கள் தொடர்ந்து வந்தால் 'மு' என்ற அச்சு தீர்ந்துபோகும். முதற்பக்கத்தை அடித்து, எழுத்துகளைப் பிரித்து, மீண்டும் அறைகளில் போட்ட பின்னரே அடுத்த பக்கத்தைக் கோக்க இயலும். கோத்த பத்தியை நூலால் இறுகக் கட்டி, மை தடவி, மெய்ப்புத்தாள் எடுத்துப் பிழை பார்த்து, இரும்புச் சட்டத்துள் பூட்டி, காலால் மிதித்தோ மின்விசையாலோ இயங்கும் டிரெடில் எந்திரத்தில் ஏற்றி, ஒவ்வொரு தாளாகக் கையால் கொடுத்து எடுப்பார்கள். கை ஒரு கணம் தாமதித்தால் விரல் நசுங்கும் வேலை அது.

எழுத்தைக் கோப்பதற்கு மேலாக, அச்சகரிடம் ஊர் எதிர்பார்த்தது வழக்கறிவாகும். தாளின் தலையில் பிள்ளையார் சுழி இட வேண்டிய அழைப்பிதழ் எது, சிலுவை இட வேண்டியது எது, பிஸ்மில்லாவைக் குறிக்கும் 786 என்ற எண் இட வேண்டியது எது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். தமிழ் ஆண்டு, மாதம், நாள், திதி, நட்சத்திரம், யோகம், முகூர்த்த லக்கினம் ஆகியவற்றைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். ஏனெனில் எழுதிக் கொடுத்தவர் தவறினாலும் ஊர் அச்சகரையே கேட்கும். திருமண அழைப்பில் தந்தைவழி முன்னோர் பெயரும், தாய்மாமன் பெயரும், அழைப்போர் வரிசையும் மூப்பு முறையில் அமைய வேண்டும். வரிசை பிசகினால் சம்பந்திகளிடையே மனத்தாங்கல் பிறக்கும். பதினாறாம் நாள் காரியத்துக்கான அறிவிப்பில் மங்கலக் குறிகள் வரலாகாது. கறுப்புக் கரையிட்ட அத்தாளை, வேறு எந்த வேலை நிலுவையில் இருந்தாலும், முதலில் அடித்துக் கொடுப்பது சிறுநகர அச்சகரின் அறமாகக் கருதப்பட்டது. துக்க வீட்டாரிடம் உடனே பணம் கேட்பதில்லை என்பதும் அவ்வறத்தின் பகுதியே.

குடும்பம் என்பது இத்தொழிலில் வீட்டோடு நின்றுவிடவில்லை. கடையின் முன்னறையில் எந்திரமும் பின்னறையில் அல்லது மாடியில் குடித்தனமும் அமைந்த இடங்களில், மனைவி தாள் மடிப்பார், புத்தகம் தைப்பார், பசை காய்ச்சுவார். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் ரசீதுப் புத்தகங்களின் எண் வரிசையைச் சரிபார்ப்பார்கள், அழைப்பிதழ்களை உறையிலிடுவார்கள், பிரித்த எழுத்துகளை அறைகளில் போடுவார்கள். அவ்வாறு எழுத்தைப் பிரித்துப் போட்டே தமிழ் எழுத்துகளைக் கற்ற பிள்ளைகள் உண்டு. இந்த வீட்டுப் பெண்களின் உழைப்புக்குக் கூலிக் கணக்கு எழுதப்பட்டதில்லை. அடிவரியிலும் அவர்கள் பெயர் வந்ததில்லை. ஆகவே ஓர் அச்சகரை நினைவுகூர்வது என்பது அவருடைய இல்லத்தாரையும் சேர்த்து நினைவுகூர்வதாகவே அமைய வேண்டும்; எந்த அச்சகக் குடும்பத்தின் வரலாறு எழுதப்பட்டாலும், அவ்வீட்டுத் தாயின் பெயரும் பணியும் அதில் இடம்பெறுதல் நேர்மையாகும்.

சமயம் என்ற நிலையில், அச்சகர் தம் நம்பிக்கையில் ஊன்றி நின்றவாறே பிறர் நம்பிக்கைக்கும் பணி செய்தவர். பங்குனியிலோ ஆடியிலோ நடைபெறும் அம்மன் திருவிழாவுக்கான நிகழ்ச்சி நிரலும், பினாங்குத் தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்குச் செல்வோருக்குத் தண்ணீர்ப்பந்தல் அமைப்பதற்கான நன்கொடை ரசீதும், ஜூலை 26 ஆம் நாள் கொண்டாடப்படும் புனித அன்னாள் பெருவிழாவுக்கு முந்திய நவநாள், அதாவது ஒன்பது நாள் வழிபாட்டுக்கான மன்றாட்டுத் தாளும், நாகூர் ஆண்டகையின் பெயரால் நடைபெறும் கந்தூரி அறிவிப்பும், சிறுநகரத்தில் ஒரே எழுத்துத்தட்டிலிருந்து பிறந்திருக்கக்கூடியவை. 1846 இல் தொடங்கிய புனித அன்னாள் தேவாலயத்துக்கு எல்லாச் சமயத்தாரும் வந்து வேண்டிக்கொள்ளும் இந்நகரில், அத்தகைய கலப்பு இயல்பானது. பிற சமயத்தின் வழிபாட்டுச் சொல்லை ஒற்றுப்பிழையும் இல்லாமல் அச்சிட்டுக் கொடுப்பது, நல்லிணக்கம் குறித்த மேடைச் சொற்பொழிவைவிட நம்பகமான மரியாதையாகும். கோயிலுக்கு அடிக்கும் வேலைக்குத் தாள் விலையை மட்டும் பெற்றுக்கொண்டு கூலியை உபயமாக விட்டுவிடும் வழக்கமும் அச்சகர்களிடையே இருந்தது. அழைப்பிதழின் அடிவரி அவ்வகையில் ஒரு காணிக்கையின் அடையாளமுமாகும்.

சமுதாயப் பணியில் அச்சகரின் பங்கு மேலும் விரிவானது. 1952 இல் இதழாசிரியர் கோ. சாரங்கபாணி முன்னெடுத்த தமிழர் திருநாள், மலாயாவின் பல ஊர்களில் பேச்சு, கட்டுரை, கவிதைப் போட்டிகளாகப் பரவியபோது, ஒவ்வோர் ஊரிலும் அறிக்கையும் சான்றிதழும் தேவைப்பட்டன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி 1950-களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டபோது, தோட்டத் தொழிலாளரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். 1960 இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்படுவதற்கு எதிராகத் தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டினார். 1962 இல் தமிழ் எழுத்தாளர் சங்கம் அமைந்தது. இவ்வியக்கங்களின் தலைவர்கள் வரலாற்றில் இடம்பெற்றுள்ளனர், அது முறையே. ஆனால் ஓர் இயக்கம் தலைநகரிலிருந்து சிறுநகரத்துக்கும், அங்கிருந்து தோட்டத்து லயத்துக்கும் இறங்கி வருவதற்குத் துண்டறிக்கையும் உறுப்பினர் படிவமும் எண்ணிட்ட ரசீதும் இன்றியமையாதவை. கொடுத்த ஐந்து வெள்ளிக்கு அச்சிட்ட ரசீது கையில் கிடைத்தபோதுதான், எழுத்தறியாத தொழிலாளிக்கும் சங்கத்தின்மேல் நம்பிக்கை பிறந்தது. கணக்கில் நேர்மை என்னும் பொதுவாழ்வுப் பண்பு, எண் பிசகாமல் அச்சிடப்பட்ட அந்த ரசீதுப் புத்தகத்தின்மேல் எழுந்து நின்றது எனலாம்.

குடும்பம், சமயம், ஊர் ஆகிய மூன்றையும் அச்சுத்தொழிலால் இணைத்த சிறுநகர அச்சகர் ஒருவர் முறையாக நினைவுகூரப்பட்டதற்கு, யாழ்ப்பாணக் குரும்பசிட்டியில் பிறந்த நா. பொன்னையாவின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும். 1892 இல் பிறந்த அவர், இளமையிலேயே அச்சுத்தொழிலைக் கற்று, பர்மாவுக்குச் சென்று திரும்பியபின், சுன்னாகம் என்னும் சந்தை ஊரில் புத்தகசாலையும் திருமகள் அழுத்தகம் என்ற அச்சகமும் நடத்தினார். 1930 ஜூன் 22 ஆம் நாள் அவர் தொடங்கிய 'ஈழகேசரி' வார இதழ், 1958 வரை வெளிவந்து, இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகிய முன்னோடிச் சிறுகதையாளர்களுக்குக் களம் அமைத்ததோடு, மாணவர் பகுதியின் வழியாக அ. ந. கந்தசாமி போன்ற இளைஞர்களையும் எழுத்துலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதே அச்சகத்திலிருந்து, புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பியப் பதிப்புகள் 1937 இல் எழுத்ததிகாரத்தில் தொடங்கி 1948 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. நச்சினார்க்கினியர், சேனாவரையர், பேராசிரியர் ஆகியோரின் உரைகளை அச்சேற்றுவது வணிக நோக்கில் வருவாய் தரும் முயற்சியன்று. பாடநூலிலும் சில்லறை வேலையிலும் ஈட்டியதைத் தமிழுக்கும் சைவத்துக்கும் செலவிடத் துணிந்தவரால் மட்டுமே அது இயன்றது. 1951 இல் அவர் மறைந்தபின்னும் அவர் பெயர் நிலைத்தமைக்கு அவருடைய தகுதியோடு மற்றுமொரு காரணமும் உண்டு: அவர் ஊரார் அவரை எழுதி வைத்தனர். குரும்பசிட்டியைச் சேர்ந்த எழுத்தாளர் கனக. செந்திநாதன் உள்ளிட்டோர் அவருடைய பணியைப் பதிவு செய்யாதிருந்தால், தொல்காப்பியத்தின் தலைப்புப் பக்கத்திலுள்ள ஒரு வரியாகவே அவரும் எஞ்சியிருப்பார்.

யாழ்ப்பாணத்தின் பட்டறிவு இன்னொரு பாடத்தையும் தருகிறது. 1981 ஆம் ஆண்டு மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலுமாக எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதன்பின் 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம், நூல்களோடு நிறுத்திக்கொள்ளாமல், கோயில் மலர், பள்ளி மலர், இறந்தோர் நினைவாக முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் நினைவு மலர் ஆகியவற்றையும் மின்வருடி இணையத்தில் வைத்தது. தமிழ்நாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர், பெயர்ப்பலகை எழுதும் கலைஞராக வாழ்ந்தவாறே, நூல்களோடு அழைப்பிதழ்களையும் நாடக, திரைப்பட அறிக்கைகளையும் திரட்டினார்; 1992 இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994 இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. மலேசியாவிலேயே, முரசு நெடுமாறன் 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி 1997 இல் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' வெளியிட்டார். திரட்டுவோர் முன்வந்தால் சிதறியவையும் வரலாறாகும் என்பதற்கு இம்மூன்றும் சான்றுகளாகும்.

புக்கிட் மெர்தாஜாமில் இப்பணி காலத்தோடு போட்டியிட வேண்டியுள்ளது. ஆப்செட் முறை, அதாவது தட்டில் பதிந்த பிம்பத்தை ரப்பர் உருளை வழியாகத் தாளில் ஏற்றும் முறை, பரவியபோது, ஈய எழுத்துகள் எடைக்கு விற்கப்பட்டன. முத்து நெடுமாறன் 1980-களின் நடுவில் உருவாக்கத் தொடங்கிய முரசு மென்பொருள் போன்றவற்றின் வழியாகத் தமிழ் எழுத்து கணினியில் ஏறியதும், அச்சுக்கோப்பாளரின் கைத்திறன் தேவையற்றதாயிற்று. இன்று அழைப்பிதழ் கைப்பேசியில் படமாக வந்து சேர்ந்து, அடுத்த வாரமே நீக்கப்படுகிறது. மாற்றம் தவறன்று, அச்சகர்களே முதலில் அதனை வரவேற்றுக் கற்றுக்கொண்டனர். ஆனால் ஈய எழுத்துக் காலத்து வேலைக்கு அச்சகத்தில் கோத்த மூலம் எஞ்சியிருக்காது. அடித்து முடித்தவுடன் எழுத்துகள் பிரிக்கப்பட்டுவிட்டமையால், ஊராரின் வீடுகளில் தங்கிய தாள்களே பெரும்பாலும் எஞ்சிய படிகளாகும். அவற்றையும் இந்நாட்டு ஈரக்காற்றும் கரையானும் இராமபாணப் பூச்சியும் தின்றுவருகின்றன. 1986 ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி நூல்களும் இதழ்களும் தேசிய நூலகத்தை அடைகின்றன. அழைப்பிதழும் ரசீதும் துண்டறிக்கையும் அவ்வழியில் அங்குச் சென்று சேர்வதில்லை. 1924 இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழே 2019 இல் நின்றுபோன நாட்டில், பெயர்ப்பலகை கழற்றப்பட்ட சிறுநகர அச்சகத்தைத் தேடி வெளியூர் ஆய்வாளர் வருவார் என்று காத்திருத்தல் பயன் தராது.

அடிவரியின் மதிப்பு இங்கேதான் வெளிப்படுகிறது. அச்சு எந்திரங்கள், வெளியீடுகள் பற்றிய 1984 ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரையும் முகவரியையும் வெளியீட்டில் குறிக்க வேண்டும் என்கிறது. அரசு கண்காணிப்புக்காக வேண்டிய அவ்விவரமே இன்று வரலாற்றாசிரியருக்குத் துணையாகிறது. ஐம்பது அழைப்பிதழ்களின் அடிவரிகளை அடுத்தடுத்து வைத்தால், எந்த அச்சகம் எந்தத் தெருவில் எக்காலத்தில் இயங்கியது என்பது புலப்படும். தாளில் ஆண்டு இல்லாவிடினும், 'லை', 'ணை', 'றா' போன்றவை பழைய வடிவில் உள்ளனவா, தமிழ்நாடு அரசு 1978 இல் ஏற்றுப் பின்னர் மலேசிய அச்சிலும் பரவிய சீர்திருத்த வடிவில் உள்ளனவா என்பதைக் கொண்டு காலத்தை ஓரளவு கணிக்கலாம். உபயக்காரர் பட்டியலில் வரும் தோட்டப் பெயர்களைக் கொண்டு, இன்று வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்ட இடங்களில் எந்தெந்தக் குடும்பங்கள் வாழ்ந்தன என்பதையும், திருமண அழைப்பில் வரும் தமிழக ஊர்ப் பெயர்களைக் கொண்டு அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்பதையும் அறியலாம். தம் பூர்வீக ஊர் எது என்று தேடும் நான்காம் தலைமுறைக்கு, கொள்ளுத்தாத்தாவின் திருமண அழைப்பிதழைவிட நேரான விடை வேறு ஆவணத்தில் எளிதில் கிடைக்காது.

ஆகவே அச்சகக் குடும்பங்களின் வழிவந்தோர் தம் வீடுகளில் மூன்று பொருள்களைத் தேடிப் பார்க்க வேண்டப்படுகின்றனர்: வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகப் பழைய அழைப்பிதழ்களை ஒட்டி வைத்த மாதிரி ஆல்பம், வேலைகளைப் பதிந்த ஆர்டர் புத்தகம், எஞ்சிய எழுத்தோ படம் அச்சிடும் பிளாக்கோ இருப்பின் அவை. இம்மூன்றும் குப்பையல்ல, ஊரின் பதிவேடு. கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகத்தினர் தம் அலமாரிகளிலுள்ள பழைய நிகழ்ச்சி நிரல்களையும் ரசீது அடிக்கட்டைகளையும் கழித்துவிடுமுன் ஒவ்வொன்றிலும் ஒரு படியையேனும் எடுத்து வைத்தல் வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள் தம் தாத்தா பாட்டியின் திருமண அழைப்பிதழைக் கேட்டுப் பெற்று, அதன் அடிவரியைப் படித்து வருவதை ஒரு பயிற்சியாக வைக்கலாம். அச்சகத்தில் வேலை செய்த முதியோரைக் கண்டு அவர்கள் சொல்லும் தொழிற்சொற்களையும் நினைவுகளையும் அவர்களுடைய இசைவோடு பதிவு செய்வது இளைஞர் சங்கங்களின் பணியாகலாம்.

தாள்களைக் கையாள்வோர் சில எளிய விதிகளைப் பின்பற்றினால் போதும். பழைய தாளை லேமினேட் செய்தலும் செல்லோடேப் ஒட்டுதலும் ஆகா, ஏனெனில் பசை நாளடைவில் தாளைப் பழுப்பாக்கிச் சிதைக்கும்; குறிப்பு எழுத வேண்டுமாயின் பின்புறத்தில் பென்சிலால் எழுத வேண்டும்; இரும்புப் பின்னையும் கிளிப்பையும் துருப்பிடிக்குமுன் கழற்றிவிட வேண்டும்; ஈரம் படாத இடத்தில் தட்டையாக வைத்து, அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்திக்குக் குறையாமல் இரு பக்கங்களையும் மின்வருடி, யார் வீட்டிலிருந்து கிடைத்தது, எந்த ஆண்டு, எந்த அச்சகம் என்ற மூன்று விவரங்களை உடன் பதிய வேண்டும். மூலத்தாளைக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். படிமம் பொதுவில் இருந்தால் போதும். உயிரோடிருப்போரின் முகவரி, தொலைபேசி எண் முதலியவற்றை மறைத்த பின்னரே எதையும் வெளியிடுதல் முறையாகும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாக் கூட்டத்திலோ பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலோ இப்பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, இருவரையோ மூவரையோ பொறுப்பாளராக நியமித்து, இந்த ஆண்டே திரட்டும் பணி தொடங்கப்பட வேண்டும். ஊரார் அனைவருடைய பெயரையும் பிழையின்றி அச்சிட்டுக் கொடுத்தவர்களின் பெயரை, ஊரார் ஒருமுறையேனும் பிழையின்றி எழுதி வைப்பது கடமையாகும். பழுதடையும் தாள் காத்திருக்காது; வீட்டில் அழைப்பிதழ் வைத்திருப்போர் இன்றே அதனை எடுத்து, அடிவரியைப் படித்து, பொறுப்பாளரிடம் கொடுத்து உதவுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.

இங்ஙனம்,
தமிழ் அச்சு வரலாற்றின்பால் பற்றுடைய எழுத்தாளர்